புதுநன்மைப் படத்தில் பிள்ளையின் முகம்

சென்ற ஆண்டு புதுநன்மை விழா முடிந்து மூன்று வாரங்கள் கழிந்திருக்கும். நம் பங்கைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தாள். கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றைப் பாட்டி நம் மேசைமீது வைத்தார். வெண்ணிற உடையும் மலர்முடியும் அணிந்து, கையில் மெழுகுதிரி ஏந்தி ஒரு பெண்பிள்ளை அதில் நின்றாள். உடை அச்சிறுமியினுடையது, திரியும் அவளுடையதே, முகம் மட்டும் யாருடையதோ! அச்சிறுமி நல்ல கருநிறத்தவள். படத்திலிருந்த முகமோ அரிசி மாவு அப்பியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கண்கள் இடுங்கியிருந்தன, உதடுகள் மட்டும் விரிந்திருந்தன.

“நல்லா வந்திருக்கு, இல்ல சாமி?” என்றார் பாட்டி.

சிறுமி படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. “உனக்குப் பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டோம். “இது நான் இல்ல ஃபாதர்” என்றாள்.

அந்த ஒரு சொல் பல நாட்கள் நம்மை விடவில்லை. படம் பிடித்தவர்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள இயலாது. அன்று காலை பதினொரு மணி வெயிலில், பசியும் வியர்வையுமாய் நின்ற நாற்பது பிள்ளைகளை ஆலய முற்றத்தில் வரிசைப்படுத்தி, “எல்லாரும் சிரிங்க, சிரிங்க” என்று உரத்துக் கூவியவர்களுள் நாமும் ஒருவர் அன்றோ? குருமடத்தில் பயின்ற நாட்களில் பழைய காமிரா ஒன்று நம் கையில் இருந்தது. 36 படங்கள் கொண்ட பிலிம் சுருளை வாங்கினால் அது மூன்று மாதங்களுக்கு வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் ஒளியையும் முகத்தையும் நெடுநேரம் பார்த்துப் பழகினோம். அன்று கற்ற பாடத்தை, கைப்பேசி கைக்கு வந்தபின் நாமே மறந்துபோனோம். எனவே இக்கட்டுரை ஓரளவு நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

நம் பங்குகளில் புதுநன்மை விழா பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி விடுமுறையையொட்டி வருகிறது. அம்மாதங்களில் கதிரவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியிலும், நான்காம் வாரத்தில் சென்னையிலும், நண்பகலில் சூரியன் மிகச் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. நட்டு வைத்த கோலுக்கு நிழல் விழாத நாட்கள் அவை. மேலிருந்து நேர்க்குத்தாக இறங்கும் அந்த ஒளி, நெற்றியையும் மூக்கின் முகட்டையும் பளீரிடச் செய்கிறது. புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் மோவாயின் கீழும் மை தீட்டியதுபோல் நிழல் தங்குகிறது. கண்கள் இரண்டு குழிகளாகிவிடுகின்றன. இந்தக் குழிகளை மறைக்கவென்று பிள்ளையை வானத்தை நோக்கி முகத்தை உயர்த்தச் சொல்கிறோம். அது கண்ணைச் சுருக்காமல் வேறென்ன செய்யும்?

“சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்” என்பது படம் பிடிப்போருக்கு வழிவழியாகச் சொல்லப்படும் அறிவுரை. ஒளியைக் கஞ்சத்தனமாக வாங்கிக்கொண்ட பழைய பிலிம்களின் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் படம் பிடிப்பவரின் முதுகில் படும் சூரியன், எதிரே நிற்கும் பிள்ளையின் கண்ணில் குத்துகிறது. இக்காலத்துக் கருவிகளுக்கு அவ்வளவு ஒளி தேவையுமில்லை. இந்த அறிவுரையை இனி மறந்துவிடலாம்.

பிள்ளையை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். எந்த நிழல் என்பதே கேள்வி. வீட்டின் மேற்குத் திண்ணை காலை முழுவதும் நிழலில் இருக்கும். கிழக்குத் திண்ணை மாலையில் நிழலில் இருக்கும். அந்த நிழலின் விளிம்பில், வெயில் படும் கோட்டுக்கு ஒன்றிரண்டு அடி உள்ளே, வெளியே திறந்த வானத்தைப் பார்த்தபடி பிள்ளையை நிறுத்துங்கள். நேர் வெயில் அதன்மீது படாது. ஆனால் அகன்ற வானம் முழுவதிலிருந்தும் இதமான ஒளி முன்பக்கமாக வந்து முகத்தைத் தழுவும். முற்றத்துச் சிமெண்டுத் தரையோ வெண்மணலோ வெயிலை வாங்கிக் கீழிருந்தும் சிறிது ஒளியை எறியும்; புருவத்து நிழல் கரைந்துபோகும். தரை இருண்டதாய் இருந்தால் வெளுத்த நான்கு முழ வேட்டி ஒன்றை மடித்து, பிள்ளையின் இடுப்பளவில், படத்தில் விழாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். விலை கொடுத்து வாங்கும் ஒளித்தட்டிகள் செய்யும் வேலையை அந்த வேட்டி செய்துவிடும். திண்ணையின் உட்சுவரை ஒட்டி மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அங்கே ஒளி மங்கி, முகமும் மங்கிப்போகும்.

சரியான இடம் எதுவென்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பிள்ளையின் கருவிழியைப் பாருங்கள். அதில் வானத்தின் வெள்ளைத் துணுக்கு ஒன்று மின்னுகிறதா? மின்னினால் அந்த இடம் நல்ல இடம். அந்தத் துணுக்கு இல்லாத கண், எவ்வளவு அழகிய கண்ணாயினும், படத்தில் உயிரற்றுத் தோன்றும். பிள்ளையின் தோளைப் பற்றி மெல்லச் சுற்றி வாருங்கள். ஏதோ ஓரிடத்தில் கண் திடீரென்று விழித்துக்கொள்ளும். குருமட நாட்களில் நமக்குக் கிட்டிய பாடங்களுள் இதுவே தலையாயது.

மரநிழல் ஏமாற்றும். வேம்பின் கீழ் நிற்பது நமக்கு இதமாய் இருக்கிறது; ஆனால் இலைகளினூடே விழும் வெயில் பொட்டுகள் பிள்ளையின் கன்னத்திலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுகளாய்ப் பதிந்துவிடும். பச்சைச் சுவருக்கு அருகில் நிற்பவரின் முகத்தில் பச்சையும், செம்மண் தரைமீது நிற்பவரின் மோவாயில் சிவப்பும் ஏறும். மேகம் மூடிய நாள் நல்ல நாளே. எனினும் அன்றும் ஒளி மேலிருந்துதான் வருகிறது. ஆகவே பிள்ளையைப் படியில் அமர்த்தி, சற்றே நிமிர்ந்து பார்க்கும்படி செய்வது உதவும். மாலை வெயிலைப் பிள்ளையின் பின்னே வைத்து எடுத்தால் கூந்தலின் ஓரம் பொன்னிழையாய் ஒளிரும். நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால் அந்த அழகிய ஒளி அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரமே நிற்கும். பிள்ளைக்குத் தலைசீவி முடிப்பதற்குள் போய்விடும்.

இனி, அச்சிறுமியின் முகம் ஏன் வெளுத்தது என்பதற்கு வருவோம். காமிராவுக்கு மனித முகம் எது, உடை எது என்று இயல்பாகத் தெரியாது. கண்முன் உள்ளவை எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அது ஒளியை அளக்கிறது. புதுநன்மை உடையோ தூய வெண்மை. அதுவும் வெயிலில்! “அடடா, ஒளி மிகுந்துவிட்டது” என்று கருவி தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. விளைவு? உடை சரியாக இருக்கும். கருநிறப் பிள்ளையின் முகம் இருண்டு, கண் மூக்கு தெரியாமல் போகும். பிறகு அந்த இருண்ட முகத்தைக் கணினியில் வெளுக்கவைக்கிறார்கள். வெளுக்கவைத்தால் விற்பனையும் ஆகிறது. ஏனெனில் கேட்பவர்கள் நாமே.

இக்குறை நம் ஊரோடு நிற்பதன்று. வண்ணப் பிலிம் பரவத் தொடங்கிய 1950களில், நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பியது. அதில் இருந்தது வெண்ணிறப் பெண் ஒருத்தியின் படம். முதன்முதல் அவ்வாறு படம் பிடிக்கப்பட்டவரின் பெயரால் அவை ‘ஷெர்லி அட்டைகள்’ என்று வழங்கின. அந்த முகம் நன்றாக வந்தால் எல்லா முகமும் நன்றாக வந்ததாகக் கருதினார்கள். கறுத்த பிள்ளையும் வெளுத்த பிள்ளையும் ஒரே பள்ளிப் படத்தில் நின்றால் கறுத்த பிள்ளைக்குக் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. பிலிமைத் திருத்தும்படி வற்புறுத்தியவர்களுள், தங்கள் விளம்பரப் படங்களில் மரத்தின் நிற வேறுபாடு தெரியவில்லை என்ற மரச்சாமான் வணிகரும், சாக்கலேட்டின் வகை தெரியவில்லை என்ற சாக்கலேட்டு வணிகரும் இருந்தனர் என்பது இவ்வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டும் செய்தி. பிள்ளைகளின் தாய்மாருக்குக் கிட்டாத செவி சாக்கலேட்டுக்குக் கிட்டிற்று!

இன்று கருவி திருந்தியிருக்கிறது. நாம் செய்யவேண்டியது சிறிதே. கைப்பேசியின் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொடுங்கள். அம்முகத்துக்கு ஏற்ப ஒளி அளக்கப்படும். தொட்டவுடன் தோன்றும் சிறு சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி, கன்னத்தின் உண்மை நிறம் வரும்வரை பாருங்கள். அளவு மீறினால் உடையின் பின்னல் வேலைப்பாடு மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வெயிலில் இவ்விரண்டையும் ஒருங்கே காப்பாற்றுவது அரிது, நிழலில் எளிது. அழகூட்டுவதாகச் சொல்லும் அமைப்பு கைப்பேசியில் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பவுடரையும் குறையுங்கள். நேரில் நமக்குத் தெரியாத பவுடர்கூட, கருநிறக் கன்னத்தில், படத்தில் சாம்பலாய்ப் பூக்கும். முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். கருநிறம் இதமான பக்க ஒளியில் மின்னுவதுபோல் வேறெந்த நிறமும் மின்னாது என்பது நம் கருத்து; மறுப்போர் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

நிற்கும் விதம் பற்றி நீளப் பேசப்போவதில்லை. படம் பிடிப்பவர் முதலில் மண்டியிடட்டும். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தோன்றும். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருக்கும். ஆறேழு அடி பின்னே நின்று, உருப்பெருக்கும் வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். “நேரா நில்லு” என்ற கட்டளை பிள்ளையின் தோளைக் காதுவரை உயர்த்திவிடும். உடலைச் சற்றே ஒருபுறம் திருப்பி, எடையை ஒரு காலில் தாங்கி, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பச் சொன்னால் விறைப்பு தானே நீங்கும். மெழுகுதிரியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மார்புக்குக் கீழே இறக்கிப் பிடிக்கட்டும். மணிக்கட்டிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் படத்தை வெட்டாதீர்கள். அண்ணன் தங்கையை எடுக்கும்போது இருவரையும் கொடிக்கம்பங்களைப்போல் நிறுத்தாமல், ஒருவரைப் படியில் அமர்த்தி மற்றவரைச் சாய்ந்து நிற்க விடுங்கள். தலைகள் நெருங்கினால் அன்பு தெரியும்.

ஆனால் ஒளியும் நிலையும் சரியாகியும் முகம் வராமல் போவதுண்டு. இங்கேதான் நாம் மிகுதியும் தவறுகிறோம். 1862ஆம் ஆண்டில் துஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். உதட்டின் கோணங்களை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும்; கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளத்தில் மெய்யான மகிழ்ச்சி எழும்போதே சிரிப்பில் சேர்ந்துகொள்ளும் என்று அவர் கண்டார். ஆகவே “சிரி” என்று ஆணையிட்டால் உதடு கீழ்ப்படிகிறது, கண் கீழ்ப்படிவதில்லை. அந்தப் பிள்ளை நமக்குக் கீழ்ப்படிந்தது என்பதற்கான சான்று மட்டுமே படத்தில் எஞ்சுகிறது.

அதே பிரான்சு நாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில், மற்றொரு செய்தி. லூர்து நகரில் 1858ஆம் ஆண்டு காட்சி கண்ட புனித பெர்னதெத்தை முதன்முதலாகப் படம் பிடித்தவர்களுள் ஒருவர், நம்மைப் போன்றே ஒரு குரு; பெர்னதூ என்பது அவர் பெயர். 1861, 1862 வாக்கில் பெர்னதெத்துக்குப் பதினேழு, பதினெட்டு வயது. முழந்தாளிடச் செய்து, செபமாலையைக் கையில் கொடுத்துப் பார்த்தும் குருவானவருக்கு நிறைவு ஏற்படவில்லை. கன்னிமரியைக் கண்டபோது உன் முகம் இப்படியா இருந்தது என்று கடிந்துகொண்டாராம். அவர்கள்தாம் இப்போது இங்கே இல்லையே என்று அப்பெண் மறுமொழி சொன்னதாக வரலாறு. படம் பிடிக்கும் பெரியவர்கள் அனைவருக்குமாக அவர் சொன்ன மறுமொழி என்றே நமக்குத் தோன்றுகிறது. இல்லாத மகிழ்ச்சியை முகத்தில் வருவி என்றால் பிள்ளை எங்கே போகும்?

சிரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1917ஆம் ஆண்டு பாத்திமாவில் எடுக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் படம் நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. லூசியாவுக்குப் பத்து வயது, பிரான்சிஸ்குவுக்கு ஒன்பது, ஜசிந்தாவுக்கு ஏழு. புருவம் நெரித்து, இறுகிய வாயுடன் நம்மைப் பார்க்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வைத்து எடுத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று யாரேனும் எண்ணியதுண்டா? கருத்தாய்ப் பார்க்கும் பிள்ளை, நாணிக் குனியும் பிள்ளை, கொட்டாவியை விழுங்கும் பிள்ளை, இவர்கள் எல்லாரும் படத்துக்கு உரியவர்களே.

மகிழ்ச்சி வேண்டுமாயின் அதற்கு இடம் கொடுங்கள். படம் பிடிப்பவர் ஒருவர் மட்டுமே பேசட்டும்; அம்மா ஒருபுறம், அத்தை ஒருபுறம், நாம் ஒருபுறம் கூவினால் பிள்ளையின் விழி மூன்று திசையிலும் அலைகிறது. மணிக்கூண்டில் எத்தனை புறா என்று எண்ணச் சொல்லுங்கள். “உங்க வீட்டில குறட்டை விடுறது யாரு?” என்று கேளுங்கள். விடை சொல்லும்போது எடுக்காமல், சொல்லி முடித்தவுடன் வருகிற அந்தக் கணத்தில் எடுங்கள். முகம் அப்போதுதான் திறக்கிறது. பிலிம் செலவு இல்லாத காலம் இது. பத்து எடுத்து ஒன்பதை அழித்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை அடித்துச் சிரிக்க வைக்கும் தந்தையரையும் நாம் கண்டிருக்கிறோம். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் மகனுக்கு நினைவில் வருவது நற்கருணையா, அந்த அடியா?

மற்றொன்றையும் சொல்லவேண்டும். எடுத்த படத்தைப் பள்ளியின் பெயரும் பிள்ளையின் பெயரும் தெரியும்படி ஊரறியப் பரப்பிவிடாதீர்கள். பரப்புமுன் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எட்டு வயதில் “வேணாம்” என்று சொல்லும் பிள்ளைக்கும் காரணம் இருக்கும்.

இவ்வாண்டு நம் பங்கில் முறையை மாற்றினோம். திருப்பலிக்குப் பின் அன்று. காலை ஏழு மணிக்கு, பசியும் வெயிலும் ஏறுமுன்னர், ஆலயத்தின் மேற்கு வராந்தாவில், இரண்டிரண்டு பிள்ளைகளாக எடுத்தோம். பெற்றோர் கிணற்றடிப் பக்கம் காத்திருந்தனர். சிலருக்கு அது பெருங்குறை, “எம்புள்ள எப்படி நிக்கிறான்னு பாக்கக் கூடாதா சாமி?” என்று சண்டைக்கு வந்தார் ஒரு தாய். ஒளி எறியும் வேட்டியைப் பிடிக்கச் சென்ற ஆண்டுச் சிறுமியே முன்வந்தாள். கை வலிக்க ஒரு மணி நேரம் பிடித்தாள். இறுதியில் அவளையும் ஒரு படம் எடுத்தோம். அவளுடைய பழைய மலர்முடியும் இல்லை, திரியும் இல்லை. வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்கிறாள். யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கும் முகம். கருநிறக் கன்னத்தில் காலை வானத்தின் ஒளி.

அச்சிட்டுக் கொடுத்தபோது பாட்டி நெடுநேரம் பார்த்தார். “கறுப்பா வந்திருக்கே சாமி” என்றார். நாம் விடை சொல்லுமுன் சிறுமி படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சென்ற வாரம் வீடு சந்திக்கப் போனபோது இரண்டு படங்களும் சுவரில் அருகருகே தொங்கக் கண்டோம். வருகிறவர்களுக்குப் பாட்டி ஒன்றைக் காட்டுகிறார். பேத்தி மற்றொன்றைக் காட்டுகிறாள்.